பதினெட்டு பன்னிரண்டான கதை

1979 ஜூலையில் கொழும்பில் நிறைவேறிய 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு விதித்த ஆயுள் மூன்று வருடம். 1982இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். சனங்கள் வாயில் அந்தச் சட்டம் ஆங்கில முதலெழுத்துகளில் 'பீ.ரீ.ஏ.' ஆனது.

2014இல் மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைக்கு வருகிறவர்கள் வாவியைப் 'பாதை' என்ற மிதவையில் கடந்தார்கள். பீ.ரீ.ஏ. அதற்கு வெகுமுன்பே படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் வீடு வீடாக நுழைந்திருந்தது, சுற்றிவளைப்புகளோடு. 1993 ஜூலையில் மட்டக்களப்பில் பிடிபட்ட ஒருவர் நாலாம் வகுப்புவரைதான் படித்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரலைப் பதிக்க வைத்தார்கள். அந்த ஒரு தாளை வைத்தே 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35. அடித்து வாங்கியது என்றால் அதை அவரே நிரூபிக்க வேண்டும். 16ஆம் பிரிவு அப்படி.

அவருடைய வழக்கு ஜெனீவாவுக்குப் போனது. அவரை விடுவியுங்கள், இல்லையேல் மறுவிசாரணை நடத்துங்கள் என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் நிபுணர்கள். 2008இல் அரசாங்கங்களே ஒன்றையொன்று விசாரிக்கும் மீளாய்வு ஜெனீவாவில் தொடங்கியது. இப்போது ஒரு நாட்டுக்கு மூன்றரை மணித்தியாலம். கேட்க வருகிற நாடுகள் கூடினால் ஆளுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். வடஅயர்லாந்துப் பிரச்சினைக்காக 1974இல் இதே மாதிரிச் சட்டம் போட்ட பிரித்தானியாவும் எழுந்து இலங்கைக்குப் புத்தி சொல்லும். இலங்கை சிலதை ஏற்கும், சிலதைக் குறித்துக்கொள்ளும், ஊர் திரும்பும்.

சட்டத்தை உண்மையில் அசைத்தது பிரசல்ஸ் என்பேன். அங்கே கேள்வியோடு காசும் சேர்ந்து வந்தது. ஆடை உள்ளிட்ட ஏற்றுமதிகளுக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தியது, 2017 மேயில் திரும்பக் கொடுத்தது. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பீ.ரீ.ஏ.யைச் சுட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. 2022 மார்ச்சில் கொழும்பு திருத்தம் கொண்டுவந்தது. தடுப்புக் கட்டளையில் ஒருவரை வைத்திருக்கக்கூடிய உச்சம் 18 மாதத்திலிருந்து 12 ஆனது. 16ஆம் பிரிவு தப்பித்துக்கொண்டது.

2023 பெப்ரவரியில் ஜெனீவாவில் இலங்கையின் நான்காம் மீளாய்வு. நாடுகள் பழையபடி பீ.ரீ.ஏ.யை நீக்கச் சொல்லின. அடுத்த மாதமே புதிய பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. மரண தண்டனையும் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்ப, திருத்திய வடிவம் 2024 ஜனவரியில் பாராளுமன்றத்துக்குப் போனது. அதுவும் நிறைவேறவில்லை, பழையதே தொடர்ந்தது.