பார்க்க முடியாதவர்களுக்காகப் பேசியவர்

கிரிக்கெட் வர்ணனையாளருக்கு ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் மூச்சுவிட நேரம் உண்டு. வானத்தைப் பற்றியும் மைதானத்தில் இறங்கிய காகத்தைப் பற்றியும்கூட அவர் பேசலாம். கூடைப்பந்தாட்டத்தில் அந்த வசதி கிடையாது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில், பந்தை வைத்திருக்கும் அணி 24 செக்கனுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். பத்துப் பேர் ஓடிக்கொண்டேயிருப்பார்கள். அந்த ஓட்டத்தைச் சொற்களால் துரத்திப் பிடிப்பதையே நாற்பது வருடங்களுக்கும் மேலாகத் தொழிலாகக் கொண்டிருந்தவர், லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் வர்ணனையாளர் சிக் ஹேர்ன்.

1916 நவம்பர் 27இல் இல்லினோய் மாநிலத்தின் அரோரா நகரில் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பிரான்சிஸ். பிராட்லி பல்கலைக்கழகக் காலத்தில், சக விளையாட்டு வீரர்கள் புதிய சப்பாத்து என்று சொல்லி ஒரு பெட்டியை நீட்டினார்களாம். திறந்து பார்த்தால் உள்ளே செத்த கோழி. அன்றிலிருந்து கோழிக்குஞ்சைக் குறிக்கும் 'சிக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பியோரியா நகரில் வானொலி வர்ணனை செய்து பெயரெடுத்த பின்னர், 1950களின் நடுப்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார்.

லேக்கர்ஸ் அணி மினியாபொலிஸிலிருந்து அந்நகருக்குக் குடிபெயர்ந்தது 1960இல். புதிய ஊரில் அவர்களை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அரங்கில் பாதி ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1961 மார்ச்சில், சென் லூயிஸில் நடந்த முக்கியமான ஆட்டமொன்றை வானொலியில் வர்ணிக்கும்படி அணியின் உரிமையாளர் ஹேர்னை அனுப்பினார். அதைக் கேட்ட ஊர், அடுத்த ஆட்டத்துக்குத் திரண்டு வந்தது. அதன் பிறகு அந்த அணியையும் அவரது குரலையும் பிரித்துப் பேச முடியாமல் போயிற்று.

பல வருடங்களாக வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அவரது ஒரே வர்ணனைதான் ஒலிபரப்பாகியது. படம் கண்முன்னே ஓடும்போதும் அவர் வானொலி நேயரை மறக்கவில்லை. பந்து யார் கையில், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார், கூடைக்கு எத்தனை அடி தூரம், எஞ்சிய நேரம் எவ்வளவு, இவையெல்லாம் சரமாக வரும். ஆட்டத்தைச் சொற்களின் கண்ணால் காட்டுவதாக அவரே தம் பாணிக்குப் பெயரும் வைத்திருந்தார்.

இதன் அருமை எங்கள் வயதினருக்கு இலகுவாக விளங்கும். 1990களில், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவில் இயங்கிய வானொலியைச் சுற்றியிருந்து கேட்டவர்கள் நாங்கள். 'அற்புதம், அபாரம்' என்று கூச்சலிடும் வர்ணனையாளரால் எங்களுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. பந்து எங்கே போனது என்று சொல்பவரே வேண்டியிருந்தார்.

ஹேர்ன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள் பல. இன்று உலகெங்கும் சொல்லப்படும் 'ஸ்லாம் டங்க்', எதிலும் படாமல் விழும் எறிதலைக் குறிக்கும் 'எயார் போல்' ஆகியவற்றை அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். இனி எதிரணியால் எட்டிப் பிடிக்க முடியாது என்று தோன்றிவிட்டால், ஆட்டம் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட்டது என்பார். கதவு மூடியாயிற்று, விளக்கு அணைந்தாயிற்று, முட்டை குளிர்கிறது, பட்டர் இறுகுகிறது, ஜெலி ஆடுகிறது என்று அது நீளும். சம்பளம் தந்த அணியே சோம்பலாக ஆடினாலும் ஒலிவாங்கியில் வைத்தே கண்டிக்கத் தயங்கமாட்டார். 1970களின் இறுதியில் அவருக்குப் பக்கத்திலிருந்து உதவி வர்ணனை செய்த பற் ரைலி, பின்னர் அதே அணியின் பயிற்றுநராகி நான்கு முறை கிண்ணம் வென்றது சுவையான கிளைக்கதை.

1965 நவம்பரில், வேறொரு போட்டியை வர்ணிக்க ஆர்கன்சோ சென்ற ஹேர்ன், மோசமான காலநிலையால் திரும்பி வர முடியாமல் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டார். அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து 2001 டிசெம்பர் 16 வரை ஒன்றையும் விடவில்லை. தொடர்ச்சியாக 3,338 ஆட்டங்கள்!

இந்த எண்ணைப் பலரும் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு அதை வெறும் சாதனையாக வாசிக்க முடியவில்லை. அந்த 36 வருடங்களுக்குள்தான் அவர் தம் பிள்ளைகள் இருவரையும் இழந்தார். மகனைப் போதைப்பொருளும், மகளை உணவு மறுப்பு நோயும் கொண்டுபோயின. ஒலிவாங்கி அவருக்கு அடைக்கலமாக இருந்ததா, அழ நேரம் தராத எசமானாக இருந்ததா என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எவராலும் முடியாது. லீவு எடுக்காதவரை மெச்சும் வழக்கம் எங்கள் வைத்தியத் துறையிலும் உண்டு. அந்த மெச்சலுக்கான விலையை வீட்டிலிருப்பவர்களே செலுத்துகிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

தொடர் அறுந்தது இதய வால்வுச் சத்திரசிகிச்சையால். அப்போது அவருக்கு வயது 85. தேறிவரும் வேளையில் விழுந்து இடுப்பெலும்பையும் முறித்துக்கொண்டார். முதுமையில் இடுப்பெலும்பு முறிபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். பலர் பழையபடி நடப்பதேயில்லை. அவரோ 2002 ஏப்ரலில் ஒலிவாங்கிக்குத் திரும்பினார். ஜூன் 12இல் லேக்கர்ஸ் நியூ ஜேர்சி அணியை வென்று தொடர்ச்சியாக மூன்றாவது முறை கிண்ணத்தை எடுத்தபோது, அந்த ஆட்டத்தையும் வர்ணித்தார். அதுவே கடைசி.

ஓகஸ்ட் தொடக்கத்தில் வீட்டுப் பின்வளவில் பூச்சாடியொன்றைக் கவனிக்கையில் விழுந்து தலை அடிபட்டது. வயது போகப்போக மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேலுள்ள நுண்ணிய நாளங்கள் இழுபட்டு நிற்கும். சிறு அடியிலும் அவை கிழியலாம். (வீட்டில் வயதானவர்கள் விழுந்தால், 'ஒன்றுமில்லைப் பிள்ளை' என்று அவர்கள் சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.) இரத்தக் கசிவை நிறுத்தச் செய்த சத்திரசிகிச்சைகள் பயன் தராமல், ஓகஸ்ட் 5இல் ஹேர்ன் காலமானார். மறுவருடம் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2010இல் அணியின் அரங்குக்கு வெளியே சிலையும் வைத்தார்கள். மேசையில் ஒலிவாங்கியோடு அவர் அமர்ந்திருக்க, பக்கத்தில் ஒரு நாற்காலி வெறுமையாக இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எவரும் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான வர்ணனையாளர் நாற்காலி அவ்வளவு தாராளமாகத் திறந்திருக்கவில்லை. நம் பாடசாலைகளில் ஆடும் வலைப்பந்தாட்டமே கூடைப்பந்தாட்டத்திலிருந்து பெண்களுக்கெனப் பிரிந்து வந்ததுதான். ஆனாலும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டமொன்றைத் தொலைக்காட்சியில் நேர்முகமாக வர்ணிக்கும் வாய்ப்பு ஒரு பெண்ணுக்குக் கிட்டியது 1988இல்தான். அவர் லியாண்ட்ரா ரைலி. அந்த வேலையில் ஓர் அணி ஒரு பெண்ணை முழுநேரமாக அமர்த்த மேலும் 33 வருடங்கள் சென்றன. 2021இல் மில்வோக்கி பக்ஸ் அணி லீசா பையிங்டனைத் தெரிந்தது. சில நாள்களுள் பிலடெல்பியா அணி கேற் ஸ்கொட்டை அமர்த்தியது. பையிங்டன், பல்கலைக்கழக நாள்களில் தாமே கூடைப்பந்தும் உதைபந்தும் ஆடியவர்.