யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பு வரலாற்றில் ஒரு வினைச்சொல்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியைப் பார்த்தபடி அமைந்துள்ள ஊர் கொழும்புத்துறை. இருபதாம் நூற்றாண்டில் இவ்வூரின் பெயரை ஈழத்துக்கு அப்பாலும் அறியச் செய்தவர் யோகர் சுவாமிகள் (1872-1964). நீர்ப்பாசன வேலைத்தளமொன்றிற் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றிய அவர், நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கொண்டு, உத்தியோகத்தைத் துறந்து, கொழும்புத்துறையில் முதலில் இலுப்பை மரத்தடியிலும் பின்னர் ஒரு கொட்டிலிலும் தம் வாழ்நாளைக் கழித்தார். நெடிய பிரசங்கம் செய்வது அவர் வழக்கமன்று. வந்தவர்களுக்குக் கிடைத்த உபதேசம் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களுள் அடங்கிவிடும். அவற்றுள் ஒன்று ‘சும்மா இரு’ என்பது.

வந்தவர்களுள் தமிழரல்லாதாரும் இருந்தனர். 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாக விளங்கிய சோல்பரிப் பிரபுவின் மகன் யேம்ஸ் றாம்ஸ்பொத்தம் சுவாமிகளின் சீடரானார். இத்தகையோர் பொருட்டு அவ்விரு சொற்களையும் ஆங்கிலமாக்க முயன்றவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. ‘அசையாதிரு’ என்று பொருள்படுமாறு சிலர் பெயர்த்தனர். ‘மௌனமாயிரு’ என்றும், ‘ஒன்றும் செய்யாதே’ என்றும் வேறு சிலர் பெயர்த்தனர். இடர்ப்பாட்டுக்குக் காரணம் ‘சும்மா’ என்ற சொல்லே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வேலையின்மை, காரணமின்மை, விலையின்மை, அமைதி ஆகிய யாவற்றையும் அச்சொல் குறிப்பதால் அக்கருத்து முற்றிலும் தவறன்று. எனினும் ஊன்றி நோக்குமிடத்து, பெரிய இடர் ‘இரு’ என்பதிலேயே உள்ளது எனலாம். அவ்விடர் புதியதுமன்று. யோகர் சுவாமிகள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டின் முன்னரே, எதிர்த் திசையில், யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளரும் அகராதியாசிரியரும் எதிர்கொண்ட இடர் அது.

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளை முதலிற் பாடமாக்குவது ‘ஆம், இஸ், ஆர்’ என்ற வரிசையையே. (ஆங்கிலத்து ‘ஆம்’ தமிழின் ‘ஆம்’ என்பதோடு ஒலியிலும் ஓரளவு பொருளிலும் ஒத்திருப்பது தற்செயலே. இதனைக் கொண்டு மொழியுறவு நாட்டப் புகுவது நகைப்புக்கிடமாகும்.) இவ்வடிவங்கள் ஒன்றையொன்று ஒவ்வாதிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் வெவ்வேறாக வழங்கிய வினையடிகள் ஆங்கிலத்தில் ஒரே வினையாக ஒன்றுசேர்ந்தன. ‘ஆம்’, ‘இஸ்’ ஆகியவை ஓரடியிற் பிறந்தவை. வடமொழி ‘அஸ்தி’ அவற்றின் உறவு. ‘பீன்’ என்பது வடமொழி ‘பவதி’யோடு உறவுடைய மற்றோரடியிலிருந்து வந்தது. ‘வொஸ்’ என்பதன் அடி ‘தங்குதல், வசித்தல்’ என்னும் பொருளுடையது. வடமொழி ‘வசதி’ அதனைச் சார்ந்தது. ஆகவே இன்று ஒரு சொல்லாகத் தோன்றும் இவ்வினை உண்மையில் ஒரு கூட்டுக் குடும்பம். அதற்கேற்ப அது செய்யும் தொழில்களும் பல. ஒருவர் இன்னார் என்பதையும், ஒரு பொருள் இத்தன்மையது என்பதையும், அது இன்ன இடத்தில் உள்ளது என்பதையும், அப்படியொன்று உலகில் உண்டு என்பதையும் அது ஒருங்கே உணர்த்தும். இவற்றுக்கு மேலாகச் செயப்பாட்டு வினைக்கும் தொடர்வினைக்கும் துணையாகவும் அது நிற்கும்.

தமிழ் இத்தொழில்களைப் பங்கிட்டு வைத்துள்ளது. ‘அவர் ஆசிரியர்’ என்னும் வாக்கியத்துக்கு வினையே வேண்டியதில்லை. ‘அவன் நல்லன்’ என்னுமிடத்துப் பெயர்போலத் தோன்றும் பயனிலையையே இலக்கணகாரர் குறிப்புவினை என்றனர். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத அதனை வினையின்பாற் படுத்தமை தொல்காப்பியரின் நுண்மாண் நுழைபுலத்துக்குச் சான்று. உண்மை கூற ‘உண்டு’, ‘உள்’ என்பனவும், மாற்றம் கூற ‘ஆகு’ என்பதும், செயப்பாட்டுக்குப் ‘படு’ என்பதும் உள்ளன. எதிர்மறையில் இப்பங்கீடு மேலும் தெளிவாகும். ‘இது பாம்பு அன்று’ என்பதும் ‘இங்கே பாம்பு இல்லை’ என்பதும் வேறு வேறு. முன்னையது தன்மையை மறுக்கிறது. பின்னையது இருப்பை மறுக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையையே எதிர்மறையாக்கும். மெய்யியலறிஞர் பேர்ட்ரண்ட் ரசல் 1919இல் வெளியிட்ட நூலொன்றில், பண்பேற்றத்துக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ‘இஸ்’ என்ற ஒரே சொல்லை வழங்குவது மனித குலத்துக்கே இழுக்கு எனச் சாடினார். அவர் சுட்டியது வேறொரு வேறுபாடாயினும், ஒரு சொல்லின் மீது அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றப்பட்டுள்ளது என்ற குறை இதற்கும் பொருந்தும். தமிழிலும் பேச்சுவழக்கில் ‘இல்லை’ என்பது ‘அல்ல’ என்பதன் இடத்தை மெல்லக் கவர்ந்து வருவதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு பங்கிட்ட மொழியும் பங்கிடாத மொழியும் யாழ்ப்பாணத்தில் அன்றாடம் முட்டிக்கொள்ளத் தொடங்கியது மிஷனரிமார் வருகையின் பின்னராகும். அமெரிக்க மிஷன் 1816இல் இங்கு பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. நல்லூரில் இருந்த சேர்ச் மிஷன் சங்கத்து நைற் பாதிரியார் அகராதிக்கெனச் சொற்களைத் திரட்டினார். 1842இல் உடுவில் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் யாழ்ப்பாண அகராதி எனப்படும் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1844இல் நைற், ஸ்போல்டிங் ஆகியோர் பெயரால் ஆங்கில-தமிழ் அகராதியும், 1862இல் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியும் வந்தன. வின்ஸ்லோவின் நூல் சென்னையில் அச்சேறியதாயினும் அதன் வேர் யாழ்ப்பாணத்தில் உள்ளது. ஒரு சொல்லுக்குப் பல பொருளை அடுக்கிக் காட்ட அகராதிக்கு இடமுண்டு. வகுப்பறைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ‘இஸ்’ என்பதற்கு ‘இரு’ என்பதே அந்த ஒரு சொல்லாயிற்று.

விவிலிய மொழிபெயர்ப்பும் இதற்குத் துணைபுரிந்தது. பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு மொழிபெயர்த்த விவிலியம் 1850இல் வெளிவந்தது. பின்னர் பவர் ஐயரின் தலைமையிலான 1871ஆம் ஆண்டுத் திருத்தமே நிலைபெற்றது. யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், கடவுள் தம் பெயரை மோசேக்கு அறிவிக்குமிடத்து, பெயராக நிற்பது இவ்வினை ஒன்றே. நிலைபெற்ற தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ‘இரு’ என்பதையே எடுத்தாண்டது. உண்மையில் எபிரேய மொழியும் தமிழைப் போன்றதே: ‘அவர் ஆசிரியர்’ என்பது போன்ற நிகழ்கால வாக்கியத்துக்கு அம்மொழியிலும் இணைப்புவினை தேவையில்லை. அவ்விடத்து எபிரேய வினையை ‘இருப்பேன்’ என எதிர்காலமாகக் கொள்வதற்கும் இடமுண்டு. சங்கீதம் 46இல் வரும் ‘அமர்ந்திருத்தல்’ பற்றிய கட்டளையின் எபிரேய மூலமோ ‘கைவிடு, தளரவிடு’ என்னும் பொருளுடையது. இருத்தல் என்ற வினையே அதில் இல்லை. ஆங்கிலம் நுழைத்த வினை தமிழிலும் வந்து அமர்ந்துகொண்டது.

இதே நாவலர், விவிலியப் பணியைவிட்டு விலகிச் சைவப் பிள்ளைகளுக்கு வினாவிடை நூல் எழுதியபோது, விடைகள் பலவற்றைப் பெயரளவிலேயே முடித்தார். கேள்விக்குப் பெயர் விடையாக வந்தால் வாக்கியம் நிறைவுறும் என்பது தமிழ் மரபு. மறுபுறம் வகுப்பறைத் தமிழ் ‘அவன் ஒரு ஆசிரியனாக இருக்கிறான்’ என எழுதப் பழகியது. இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆனால் பொருள் மாறிவிட்டது. ‘அவன் ஆசிரியன்’ என்பது அவன் யார் என்பதைக் கூறும்; ‘ஆசிரியனாக இருக்கிறான்’ என்பது இப்போதைக்கு அவன் அந்தத் தொழிலில் உள்ளான் என்பதைக் கூறும்.

இவ்வேறுபாடு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும் சிறு விடயமன்று. 1956இல் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கிய சட்டமும், தமிழும் ஓர் அரசகரும மொழி என 1987இற் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தமும் ஆங்கில வடிவில் இவ்வினையையே ‘ஷல்’ என்பதோடு சேர்த்துத் தாங்கி நிற்கின்றன. ஆங்கிலச் சட்டமொழியில் அத்தொடர் ஒரு நிலையை அக்கணமே உண்டாக்குவது. இலங்கைச் சட்டத் தமிழ் அதற்கு ‘ஆதல் வேண்டும்’ என்ற வாய்பாட்டை வழங்குகிறது. தமிழ் காதுக்கு இது இன்னும் ஆகவில்லை, ஆகவேண்டும் என்றே ஒலிக்கும். தம் மொழியில் எழுதிய கடிதத்துக்கு வேற்றுமொழியில் மறுமொழி பெற்றவர்கள், மொழிபெயர்ப்பாளர் உண்மையைத்தான் எழுதிவிட்டார் என்று கருதினாலும் வியப்பில்லை.

இனி ‘இரு’ என்பதன் சொந்தப் பொருளுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன் இதற்கு உளதாதல், நிலைபெறுதல், உட்கார்தல், உயிர்வாழ்தல் முதலாகப் பல பொருள் தருகிறது. அகத்திணை மரபில் முல்லையின் உரிப்பொருள் இருத்தல். வினைமேற் சென்ற தலைவன் வருமளவும் தலைவி ஆற்றியிருப்பது அது. புறத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பிசிராந்தையாரும் உடனிருந்தார். அங்கே இருத்தல் என்பது உண்ணாது, அசையாது, உறுதியோடு உயிரைவிடும் செயல். கொழும்புத்துறையில் இன்றும் வீட்டுக்கு வந்தவரை ‘இருங்கோ’ என்றால், உட்காருங்கள், பொறுங்கள், அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள் என்ற மூன்றும் அதிலடங்கும். உயிரற்ற பொருளுக்கு அதே வாய் ‘கிடக்கு’ என்னும். ‘புத்தகம் மேசையிலை கிடக்கு’. மனிதர் அங்கே ‘இருக்கினம்’. கிடப்பது வேறு, இருப்பது வேறு என்பதை எழுத்தறியாதாரும் பிழையின்றி வேறுபடுத்துவர்.

‘சும்மா இரு’ என்பது கந்தரநுபூதியிலும் தாயுமானவர் பாடல்களிலும் பயின்று வந்த தொடர். யோகர் சுவாமிகள் அதனைப் புதிதாக ஆக்கவில்லை. ஊர்ப்பேச்சின் ஏவலாகத் திரும்பவும் வழங்கினார் எனல் வேண்டும். ‘இருங்கோ’ என வரவேற்கும் அதே வினை, மரியாதை விகுதி நீங்கி, குருவின் ஏவலாகிறது. உட்காருதலும், காத்திருத்தலும், உயிரோடிருத்தலும், உளதாதலும் அதில் ஒருங்கு நிற்கின்றன. ஆங்கில வினைக்குத் தொழில்கள் பல. உட்காரத் தெரியாது, காத்திருக்கத் தெரியாது. ஆகவேதான் மொழிபெயர்த்தோர் அதனோடு அசைவின்மையையோ மௌனத்தையோ குறிக்கும் வேறொரு சொல்லைச் சேர்க்க நேர்ந்தது. அவ்வாறு சேர்த்ததும் உபதேசம் உடலுக்கோ நாவுக்கோ இட்ட கட்டளையாகச் சுருங்கியது. இலுப்பை மரத்தடிக்கு வந்து, ‘சும்மா இரு’ என்று கேட்ட கமக்காரன் அதனை எவ்வகராதியிலும் தேடவில்லை. மரத்தடியில் நிலத்தில் இருந்தான்.