கல்லில் இட்ட பெயர்

நம் சிற்பிகள் பெயரை நாடாதவர்கள், படைப்பை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்துபோனவர்கள் என்று மேடைதோறும் சொல்லிவருகிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. கல்வெட்டுகள்தாம் ஒத்துக்கொள்ள மறுக்கின்றன.

7ஆம் நூற்றாண்டின் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் சூடிக்கொண்ட விருதுப் பெயர்களுள் ஒன்று ‘சித்திரகாரப்புலி’. நாடாள்பவனுக்கே ஓவியன் என்ற பெயர்மேல் ஆசை இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நிலைமை நேர்மாறு. அங்குள்ள கல்வெட்டு சுட்டும் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன், தன் அரசனின் பெயரையே பட்டமாகத் தாங்குகிறான். பெரிய கௌரவம்தான், ஆனாலும் அது அரண்மனைவழி வந்த அடையாளம்.

‘இது என் கைவேலை’ என்று தாமே முன்வந்து சொன்னவர்களைக் காண ஹொய்சள நாட்டுக்குப் போக வேண்டும். அந்நாட்டு அரசன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில், 1117இல் எழுந்த பேலூர் சென்னகேசவர் கோயிலின் மதனிகைகள் எனப்படும் பெண் சிற்பங்கள் சிலவற்றின் அடியில் கன்னட எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஒருவன் பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜன். இன்னொருவன் அவன் மகன் சாவணன். ஊரும் தந்தை பெயரும் போதாதென்று, சக சிற்பிகளைப் போட்டிக்கு இழுக்கும் விருதுகளையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டுச் சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் சிற்பத்துக்குச் சிற்பம் பெயர் இடுகிறான். சில இடங்களில் ‘மல்லி’, சில இடங்களில் ஒற்றை எழுத்து ‘ம’.

இதை அகந்தை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தக் கையொப்பத்தோடு வந்து சேரும் பொறுப்பையும் பார்க்க வேண்டும். ஊரைச் சொன்னவன் ஊரின் மானத்தைக் காக்க வேண்டும். தந்தையைச் சொன்னவன் அவர் கைத்திறனோடு ஒப்பிடப்படுவான். விருதைப் பொறித்தவனின் வேலையைக் குறை தேடும் கண்ணோடு பார்க்க மற்றச் சிற்பிகள் வருவார்கள். மதனிகையின் அணிகலனில் ஒரு மணி பிசகினாலும் பழி பெயர் சொல்லி வரும். தெரிந்தேதான் பெயரை வெட்டினார்கள்.

இன்று கலைஞர் என்ற அடைமொழி பொன்னாடையோடு வருகிறது, அழைப்பிதழில் அச்சாகிறது, முகவரி அட்டையில் நாமே போட்டுக்கொள்வதும் உண்டு. அதில் தவறில்லை. பாராட்டத் தெரிந்தவர்கள் முன்னால் அப்படிச் சொல்லிக்கொள்வது யாருக்கும் எளிது. குறை கண்டுபிடிக்கத் தெரிந்த சக தொழிலாளி முன்னால் சொல்ல முடிகிறதா என்பதே தாசோஜன் மரபு கேட்கும் கேள்வி. அங்கே நா எழுந்தால், அந்தப் பெயருக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.