அகில் கழுகான கதை

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவரின் பெட்டியில் பேரீச்சம்பழம், தைலப் பாட்டில் இவற்றோடு ஒரு சின்ன 'ஊத்' அத்தர் பாட்டிலும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். 'அரபுக்காரங்க செண்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கம். வசதியுள்ளவர்களுக்கோ பாரிஸ் கம்பெனிகள் ஞாபகம் வரும். ஆனால் இந்த வாசனைக்குச் சங்க காலத்திலிருந்தே தமிழில் ஒரு பெயர் உண்டு. அகில்!

முதலில் அதன் குணத்தைப் பார்ப்போம். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையுள்ள செண்ட் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே காணாமல் போய்விடும். ஊத் அப்படியல்ல. பூசியவுடன் பலருக்கு முகம் சுளிக்கும். தோல், புகை, மாட்டுக் கொட்டகை எல்லாம் கலந்தது போல ஒரு நெடி. கொஞ்ச நேரம் கழித்து உடல் சூட்டில் அது மெல்ல இனிப்பாக மாறும். அதன் மூலக்கூறுகள் கனமானவை, எளிதில் ஆவியாகாதவை. அதனால்தான் சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும் துணியில் வாசம் தங்கியிருக்கும்.

இன்னொரு ஆச்சரியம், ஆரோக்கியமான அகில் மரத்துக்கு இந்த வாசனையே கிடையாது! மரத்தில் காயம் ஏற்பட்டு, பூஞ்சை தொற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது கருநிறப் பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டைதான் விலைபோகும் சரக்கு.

சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டுவது சாதாரணமாக வருகிறது. தமிழர் அதை அணிந்த முறை அதுதான். பாட்டிலில் அடைத்தல்ல, புகையாக. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வெள்ளை அகில் என்றொரு மரம் உண்டு. ஆனால் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. உயர்ந்த ரக அகில் கடல் கடந்துதான் வந்தது.

அதற்கு நல்ல சாட்சி சிலப்பதிகாரம். தொண்டியிலிருந்து கப்பல்களில் வந்த பொருள்களைச் சொல்லும் இடத்தில் அகிலும் இருக்கிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளை அடுக்குகிறார்: அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில். முதல் மூன்றும் ஊர்ப் பெயர்களால் வந்தவை. அருமணம் கீழ்ப் பர்மா என்றும், தக்கோலம் தாய்லாந்தின் மேற்குக் கரை என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். கிடாரம் என்பது கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. இராசேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை அனுப்பிய கடாரமும் தக்கோலமும் இவைதான்! பாடப் புத்தகத்தில் போர்க்களமாகப் படிக்கும் ஊர்கள், வாசனை வியாபாரிக்குச் சரக்கின் தரத்தைச் சொல்லும் முத்திரைகளாக இருந்திருக்கின்றன.

சோழருக்குப் பிறகும் இந்தக் கடல் வழி மூடிவிடவில்லை. கும்மிடிப்பூண்டி என்றால் இன்று சிப்காட், இரும்பு ஆலைகள், லாரிகள். அங்கிருந்து நேர் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. விஜயநகரக் காலத்தில் இங்கிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் மலாக்காவுக்குப் போய், மிளகு, சந்தனம், கற்பூரம் போன்றவற்றோடு திரும்பின. மலாக்கா சந்தையில் அகிலும் ஒரு சரக்கு. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இதே கணக்கில்தான். சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் வாசனைப் பொருள் கிடைக்கும்!

பெயர் மாறிய கதைக்கு வருவோம். மேற்குக் கரையில் 'அகில்' என்ற சொல்லைக் கேட்ட போர்ச்சுகீசியர் அதை 'அகிலா' மரம் என்றார்கள். லத்தீனில் 'அக்விலா' என்றால் கழுகு. ஒலி ஒன்றுபோல இருந்ததால் ஆங்கிலத்தில் அது 'ஈகிள்வுட்', அதாவது கழுகு மரம் ஆனது. 1783-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் மர இனத்துக்கே 'அக்விலாரியா' என்று பெயர் வைத்தார். அந்த மரத்துக்கும் கழுகுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! இன்னொரு பக்கம், கட்டை என்று பொருள்படும் அரபுச் சொல் 'ஊத்' உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. 2002-இல் இவ் செயின்ட் லாரன்ட்டின் 'எம்7', 2007-இல் டாம் ஃபோர்டின் 'ஊத் வுட்' வந்த பிறகு மேற்கு நாடுகளிலும் ஊத் மோகம் பரவியது.

இதற்கு விலை கொடுத்தது காடுதான். எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. அதனால் ஒன்றுமில்லாத மரங்களும் வெட்டுப்பட்டன. மலாக்கா பெயரைத் தாங்கிய 'அக்விலாரியா மலாக்கென்சிஸ்' 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. 2005 முதல் அந்த இனம் முழுவதற்கும் கட்டுப்பாடு. அசாமில் இப்போது தோட்டங்களில் வளர்க்கிறார்கள். கடையில் 'ஊத்' என்று விற்கும் செண்ட்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூட ரசாயனக் கலவைகளே. கட்டுப்படியாகும் விலைக்கு அதுதான் கிடைக்கும்.

தமிழர் வீடுகளில் அகில் புகை போய்விட்டாலும் அதன் பெயர் போகவில்லை. அகர்பத்தியில் உள்ள 'அகர்' அகில்தான். ஊதுவத்தியின் 'ஊது' அரபு 'ஊத்'திலிருந்து வந்தது என்பதும் ஒரு கருத்து. பெட்டிக் கடையில் வாங்கும் அந்தப் பாக்கெட்டுக்குள் பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் வேறு வாசனையும்தான் இருக்கும். அகில் இருப்பது அட்டையில் உள்ள பெயரில் மட்டுமே.