தபாலில் ஏறாத தங்கம்

1958 நவம்பரில் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், புகழ்பெற்ற ஹோப் வைரத்தை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார் தெரியுமா? பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பதிவுத் தபாலில்! மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட்தான். மீதி முழுக்க பத்து லட்சம் டாலருக்கான இன்ஷூரன்ஸ். தபால்காரர் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் கல் நம் கோல்கொண்டா சீமையில் தோண்டி எடுத்தது என்பது கொசுறுத் தகவல்.

இதைப் படித்தபோது, மாட்டுங்காவில் வளர்ந்தவனுக்குத் தோன்ற வேண்டிய கேள்விதான் எனக்கும் தோன்றியது. அதே காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு தங்கக் கட்டியைத் தபாலில் அனுப்பி விற்றிருக்க முடியுமா? 1958-ல் முடிந்திருக்கும். ஐந்தே வருஷம் கழித்து முடியாது. நடுவில் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

முதலில் தபால் சமாச்சாரம். 1898-ம் வருஷத்து இந்திய அஞ்சல் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, தங்கம், வெள்ளி, நகை, ரத்தினம் இவற்றையெல்லாம் இன்ஷூர் செய்துதான் அனுப்ப வேண்டும். சும்மா ஒரு கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டிவிட முடியாது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் அரக்கு முத்திரை வைக்க வேண்டும், எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். எடையைக் கவரின் மேலேயே எழுதுவார்கள். நாட்டுக்கு நாடு போகும் தபாலிலும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி கிட்டத்தட்ட இதேதான். அரக்கை உடைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் உடைத்தது தெரியாமல் இருக்காது. யார் அனுப்பினார், யாருக்கு, என்ன மதிப்பு, எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் இருக்கும். தபாலின் பாதுகாப்பு என்பது இந்த எழுத்துதான்.

இப்போது தங்கத்தின் பக்கம் வருவோம். 1947-லேயே அன்னியச் செலாவணிச் சட்டம் வந்து தங்க இறக்குமதிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. 1962-ல் சீனப் போர். 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் பேசும் ஊரில் 14 காரட்டை யார் வாங்குவார்? நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள், பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 14 காரட் விதி 1966-ல் போய்விட்டது. ஆனால் 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், சாதாரணக் குடும்பம் தங்கத்தைக் கட்டியாக வைத்திருப்பதையே குற்றமாக்கியது. நகை வைத்துக்கொள்ளலாம், கட்டி கூடாது.

ஆனால் சட்டம் சொன்னதற்காக பம்பாய்க்குத் தங்கம் வருவது நிற்கவில்லை. துபாயிலிருந்து படகுகளில் 'பிஸ்கட்' வந்தது. ஒரு பிஸ்கட் பத்து தோலா, அதாவது 116.64 கிராம். வரிசை வரிசையாகப் பை தைத்த அங்கிக்குள் செருகி, சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு வருவார்கள். இந்தத் தொழிலில் பெரிய பெயர் ஹாஜி மஸ்தான், நம் ராமநாதபுரத்துப் பனைக்குளத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எமர்ஜென்சியில் உள்ளே போனார், 1994-ல் இறந்தார். தாராவி, மாட்டுங்கா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் வரதராஜ முதலியார் அவர் காலத்து ஆள்தான்.

இந்தத் தங்கம் தபாலில் ஏறியிருக்குமா? கவரின் மேல் என்ன எழுதுவது, எவ்வளவுக்கு இன்ஷூர் செய்வது? எழுதினால் போலீஸ், எழுதாவிட்டால் பாதுகாப்பில்லை. எழுத்து வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு வழி தேவைப்பட்டது. குஜராத்தி வியாபாரிகளுக்காக சூரத்துக்கும் பம்பாய்க்கும் ரயிலில் வைரமும் பணமும் சுமக்கும் அங்காடியாக்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் கள்ளக்கடத்தல்காரர்கள் இல்லை, வியாபாரிகளின் தூதர்கள். ஆனால் அங்கே சரக்குக்குப் பிணை வாய்ச்சொல்தான். ஜவேரி பஜாரில் பத்து தலைமுறையாகக் கடை வைத்திருப்பவருக்கு அந்த வாய்ச்சொல் கிடைக்கும். தாராவி தோல் பட்டறையில் வேலை பார்த்து நாலு காசு சேர்த்த திருநெல்வேலிக்காரருக்குக் கிடைக்காது. எழுத்து இல்லாத உலகம் பெரிய ஆட்களுக்குத்தான் வசதி.

1990-ல் அந்தச் சட்டம் ரத்தானது. 1992-ல், வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்றார்கள். வியாபாரிகளுக்காகச் சுமந்து வரும் 'குருவி'கள் கிளம்பியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வளைகுடாவில் வேலை பார்த்த நம் செம்பூர், மாட்டுங்கா மனிதர்கள் நிஜமாகவே தங்கள் சேமிப்பை பிஸ்கட்டாகக் கொண்டுவந்தார்கள். என் பெரியப்பா 1995-ல் ஒன்று கொண்டுவந்தார். அப்போது வரி 10 கிராமுக்கு 220 ரூபாய். ஒரு பிஸ்கட்டுக்குச் சுமார் 2,566 ரூபாய். சுங்க ரசீதை மடித்து பழைய பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். அவர் போய்விட்டார், பிள்ளைகள் ஒருத்தன் ஆஸ்திரேலியா, ஒருத்தி கனடா. செம்பூரில் பெரியம்மா தனியாக இருக்கிறாள். கண் ஆபரேஷனுக்கும் வீட்டு மராமத்துக்கும் பணம் வேண்டும், பிள்ளைகளிடம் கேட்க மாட்டாள். போனில் என்னிடம் கேட்டாள்: "ஏண்டா, இதை இடுப்புல முடிஞ்சுண்டு லோக்கல் டிரெயின்ல ஜவேரி பஜாருக்குப் போகணுமா? தபால்ல இன்ஷூர் பண்ணி அனுப்பிட்டா என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. நம்மூர் இன்ஷூர் தபாலுக்கு நெடுங்காலமாக இருந்த உச்சவரம்பு ஒரு லட்ச ரூபாய். 1995-ல் ஒரு பிஸ்கட் அதற்குள் தாராளமாக அடங்கியது. 2000-களின் பிற்பகுதியில், 10 கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியபோது, அடங்காமல் போனது. 2025-ல் 10 கிராம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதால், அதே பிஸ்கட் 11 லட்சத்துக்கு மேல். தொலைந்தால் இன்ஷூர் செய்த தொகைக்கு மேல் வராது. வெட்டித் துண்டு துண்டாக அனுப்பலாமே என்றால், சுத்திகரிப்பு நிலையத்தின் முத்திரை போய்விடும். முத்திரை இல்லாத துண்டை யாரும் உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். பழைய அஞ்சல் சட்டமும் போய் 2023-ம் வருஷத்துச் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்தது; 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே யாராக இருந்தாலும், அனுப்பும் நாளில் கவுண்டரில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

நான் இருக்கும் நியூஜெர்சியில் நிலைமை வேறு. இங்கே பதிவுத் தபாலில் 50,000 டாலர் வரை இன்ஷூரன்ஸ் உண்டு, தங்கக் கட்டி தபாலில் போவது அன்றாட விஷயம். ஆனால் இங்கும் ஆபத்து வழியில் இருப்பதைவிடப் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அதிகம். சரக்கு அவர்கள் கைக்குப் போன பிறகு விலை சொன்னால், திருப்பி வாங்கும் சிரமத்துக்குப் பயந்தே முக்கால்வாசிப் பேர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிடுவார்கள். எடை, மாற்று, அன்றைய விலையில் எத்தனை சதவீதம், பிடிக்காவிட்டால் யார் செலவில் திரும்பி வரும் என்ற நான்கும் பொட்டலம் கிளம்பும் முன்பே எழுத்தில் வர வேண்டும்.

நம்மூர்த் தபால் துறையே 2008-ல் தங்க நாணயம் விற்றது. வங்கிகளும் விற்றன. ஆனால் விற்ற நாணயத்தைத் திரும்ப வாங்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லை. வாங்கும்போது அரசாங்கமே கூட நிற்கும், விற்கும்போது நாம் தனி ஆள்.

தனி ஆளாக, தெரியாத ஊரில், தன் பொருள்தான் என்று காட்ட எதுவும் இல்லாமல் தங்கம் விற்கப் போனவன் கதை நமக்குப் புதிதா? மதுரைக்குச் சிலம்பு விற்கப் போன கோவலன் வணிகர் குலத்தில் பிறந்தவன். பொருள் சுத்தம், ஆளும் சுத்தம். இது என்னுடையது என்று சொல்ல அவன் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் கையில் இல்லை. எதிரில் இருந்த பொற்கொல்லன் சொன்னதுதான் எடுபட்டது.

பெரியம்மாவிடம் தபால் வேண்டாம் என்றேன். முதலில் ரசீதைத் தேடி எடுக்கச் சொன்னேன். முத்திரையும் எடையும் தெரியும்படி இரண்டு பக்கமும் போட்டோ. பிறகு மூன்று கடைகளில் போனிலேயே விலை கேட்டு, பக்கத்து வீட்டுப் பையனோடு டாக்ஸியில் நேரில் போகச் சொன்னேன். அவள் கண் முன்னால் எடை, அவள் கண் முன்னால் மாற்றுப் பரிசோதனை, பணம் வங்கிக் கணக்குக்கு. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2017-லேயே வந்துவிட்டது. அதுவும் ஒருவகையில் அவளுக்குக் காவல்தான்.

மூன்றாவது கடையில் விற்றாள். கடைக்காரர் முதலில் கேட்டது அந்த 1995-ம் வருஷத்துச் சுங்க ரசீதைத்தானாம். பெரியப்பா அன்றைக்கு 2,566 ரூபாய் கொடுத்து வாங்கியது அந்தக் காகிதத்தையும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று இருந்தால், தங்கத்துக்கு முன்னால் ரசீதைத் தேடி வையுங்கள்.