ஜன்னல் வந்த கதையும் அதை மாற்றும் முறையும்



இந்த ஆண்டு நம் குடியிருப்பில் தண்ணீர் லாரியையும் லிஃப்ட்டையும் விட அதிகமாகப் பேசப்பட்டது ஜன்னல்தான். கட்டடத்துக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டு கதவு சாத்த முடிவதில்லை. சில வீடுகளில் கரையான். ஏற்கெனவே சிலர் யூபிவிசி ஜன்னலுக்கு மாறிவிட்டார்கள், பலர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மழையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். புது ஜன்னல் போட்ட ஒரு வீட்டின் ஓரமாக இறங்கிய தண்ணீர், கீழ் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் கறையாக வந்து நின்றது. "நல்ல கம்பெனி ஜன்னல், அது ஒழுகாது" என்றார் மேல் வீட்டுக்காரர். "எங்கள் சுவர் இத்தனை வருஷமாக நன்றாகத்தானே இருந்தது" என்றார் கீழ் வீட்டுக்காரர். இருவர் சொன்னதும் சரி. ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரல் அகல இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் வந்தது. அந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், ஜன்னல் மாற்றும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

பெயரிலேயே இருக்கும் காற்று

ஜன்னலுக்குத் தமிழில் பழைய பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்திலேயே இந்தச் சொல் வருகிறது. பலகணி என்பது பல கண்களை உடையது. துளைகள் கொண்ட மரப் பலகையையோ கல்லையோ சுவரில் பதித்த காலத்துப் பெயர் அது. சாளரம் என்றும் சொன்னோம். இன்று நாம் சொல்லும் ஜன்னல் போர்த்துக்கீசிய மொழியின் 'ஜனேலா'. மயிலாப்பூர் சாந்தோம் பக்கம் போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் குடியேறினார்கள். சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான்.

நம் பழைய வீடுகளில் ஜன்னல் சிறியது. வெளிச்சத்துக்கு முற்றம் இருந்தது, பேச்சுக்குத் திண்ணை இருந்தது. தெருப்பக்கம் நாலைந்து கம்பி வைத்த, உட்புறம் திறக்கும் இரட்டைக் கதவு போதுமானதாக இருந்தது. கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கதவைச் சாத்துவார்கள். சுவர் கனமாக இருந்ததாலும், கூரை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாலும் ஜன்னல் நேரடியாக நனைவது குறைவு.

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது என்பதை வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனமில்லை. ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்து வரி போட்டார்கள். மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார்கள். நல்லவேளை, நம் சொத்து வரியில் அந்த ஏற்பாடு இல்லை.

பர்மா தேக்கும் இலைக் கதவும்

ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸ் வீடுகளில் ஜன்னல் பெரிதானது. உயரமான சட்டம், சாய்வான மரப் பட்டைகள் வைத்த இலைக் கதவு, கோடையில் அதன்மேல் வெட்டிவேர் தட்டி. பட்டைகள் காற்றை விட்டன, வெயிலையும் மழையையும் தடுத்தன. மரம் பெரும்பாலும் பர்மா தேக்கு. 1885இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, தேக்கு கப்பல் கப்பலாக வந்திறங்கியது. செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் ஜன்னல்களும் இன்றும் அதற்குச் சாட்சி. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் வரத்து நின்றது. போர் முடிந்த பிறகும் பழைய விலைக்குத் தேக்கு திரும்பி வரவில்லை. நடுத்தரக் குடும்பங்கள் வேம்பு, கருவேல் என்று நாட்டு மரங்களுக்குப் போயின.

இந்தக் காலம் முழுவதும் வேலை ஒரே முறையில்தான் நடந்தது. ஆசாரி முதலில் நிலையையும் ஜன்னல் சட்டத்தையும் செய்து தருவார். கொத்தனார் அதைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, முட்டுக் கொடுத்து, அதைச் சுற்றிச் சுவரை எழுப்புவார். சட்டத்தின் இருபுறமும் அடித்த இரும்புப் பட்டைகள் சுவருக்குள் புதைந்துவிடும். நாம் இன்று ஹோல்டுஃபாஸ்ட் என்பது இதைத்தான். ஜன்னல் முதலில், சுவர் பிறகு என்பதால் நடுவில் இடைவெளி என்ற பேச்சே எழவில்லை.

இரும்பு வந்தது, வரிசை மாறியது

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் பிரெய்ன்ட்ரீயில், பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால் 1884இல் இரும்பு ஜன்னல் செய்யத் தொடங்கினார். மெல்லிய சட்டம், நிறைய வெளிச்சம். தொழிற்சாலைகளுக்கு ஏற்ற ஜன்னலாக அது உலகெங்கும் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவிலும் இரும்பு ஜன்னல் பெருகியது.

நம் பகுதி வளர்ந்ததும் அதே காலத்தில்தான். 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்ற ஆலைகள் வந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த மண்ணூர்பேட்டைக்கு இரண்டு பக்கமும் ஷிப்டு சங்கு ஊதத் தொடங்கியது. சிறு சிறு கண்ணாடி பதித்த இரும்பு ஜன்னல்கள் அந்தக் காலத்து ஷெட்டுகளின் அடையாளம்.

இதே நேரத்தில் இந்திய தரநிலை நிறுவனம், உலோக ஜன்னல்களை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு நடைமுறை விதியை வெளியிட்டது. ஐ.எஸ். 1081 என்ற அந்த விதி 1960ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொருளுக்குத் தரம் எழுதினால் போதாது, பொருத்துவதற்கும் எழுத வேண்டும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள்.

உணரக் காரணம் இருந்தது. இரும்புச் சட்டத்தை முதலில் நிறுத்தி அதைச் சுற்றிக் கட்டினால், சுவரின் பாரத்தில் அது வளைந்துவிடும். ஆகவே சுவரில் அளவாகத் திறப்பு விட்டுவிட்டு, ஜன்னலைப் பிறகு கொண்டுவந்து பொருத்தும் முறை வந்தது. சுவர் முதலில், ஜன்னல் பிறகு. கீழ் வீட்டுச் சுவரை நனைத்த இடைவெளி பிறந்தது அந்த மாற்றத்தில்தான். அதை எதைக் கொண்டு, எப்படி அடைப்பது என்ற கேள்வியும் அதனுடனே வந்தது.

அலுமினியம், கண்ணாடி, யூபிவிசி

கடல் காற்றிலும் ஈரத்திலும் இரும்பு துருப்பிடித்தது. அலுமினியம் துருப்பிடிக்காது. 1961லேயே அதற்கும் தரநிலை வந்துவிட்டாலும், வீடுகளுக்குள் அது பரவியது அடுக்குமாடிகள் பெருகிய காலத்தில்தான். தள்ளித் திறக்கும் ஜன்னல் அதனோடு வந்தது.

கண்ணாடியின் கதை வேறு. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் சமமாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. நமக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அலை அலையாகத் தெரிந்த பழைய கண்ணாடி நம் வீடுகளிலிருந்து மறைந்தது இப்படித்தான்.

யூபிவிசி ஜன்னல் ஜெர்மனியில் 1950களில் பிறந்தது. குளிர் நாட்டில் அறையின் சூடு வெளியே போகாமல் இருக்கச் செய்தார்கள். இந்தியாவில் அது பரவியது 2000க்குப் பிறகு. கரையான் அண்டாது, துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம், சத்தம் குறையும். எம்டிஎச் ரோடு பக்கம் பார்த்த வீடுகளுக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

ஆனால் காலதர் என்ற பெயரை மறக்கக் கூடாது. வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் பரப்பு வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித் தொகுப்பு. 10க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி, ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. நம் படுக்கையறை ஜன்னல் 4க்கு 4, அதாவது 16 சதுர அடி. பழைய மரக் கதவை விரித்தால் ஏறக்குறைய பதினாறும் திறக்கும். இரண்டு பாதைத் தள்ளு ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும், அதாவது 8. மின்வெட்டு நாளில் இந்தக் கணக்கு புரியும். இடம் இருக்கும் வீட்டில், வெளிப்புறமாக விரியும் கதவு வகை பற்றியும் கேளுங்கள்.

புயல் வைத்த பரீட்சை

12.12.2016 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. முதலில் வடக்குப் பக்கமிருந்து அடித்தது. மையப்பகுதி கடக்கையில் சற்று ஓய்ந்தது. பிறகு தெற்குப் பக்கமிருந்து அடித்தது. சாதாரண வடகிழக்குப் பருவமழையில் வடக்கு, கிழக்குச் சுவர்கள்தான் நனையும். அன்று எல்லாப் பக்கமும் நனைந்தது. காற்றோடு வரும் மழை கீழே விழுவதில்லை, பக்கவாட்டில் சுவர்மேல் மோதி, கிடைத்த சந்துக்குள் தள்ளப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அதையே நினைவூட்டியது.

இப்போது நாம் செய்வது மூன்றாவது கட்டம். சுவர் இருக்கிறது, அதற்குள் பழைய ஜன்னல் புதைந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். ஆசாரியும் கொத்தனாரும் சேர்ந்து செய்த வேலையை, இன்று டிரில் மெஷினோடு வரும் இரண்டு பையன்கள் அரை நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தால் அவர்களும் செய்வார்கள்.

கவனிக்க வேண்டியவை

1. அளவு: அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், உயரத்தையும் அப்படியே மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும். மூலைக்கு மூலையும் பார்க்க வேண்டும். குறைந்த அளவுதான் கணக்கு. வெயிலில் யூபிவிசி விரியும். அதனால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 மி.மீ. இடைவெளி வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு ஓரத்தைச் சரிசெய்யுங்கள். சிலிக்கானால் ஓட்டையை நிரப்ப விடாதீர்கள்.

2. பழையதை எடுத்தல்: கடப்பாரை போட்டு நெம்பினால் ஹோல்டுஃபாஸ்ட் செங்கல்லையும் பூச்சையும் சேர்த்துப் பெயர்க்கும். சட்டத்தை நடுவில் அறுத்து, துண்டு துண்டாக எடுக்க வேண்டும். சுவரில் மிஞ்சும் இரும்பையும் வெட்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டும். இல்லாவிட்டால் துரு வெளியே கசியும்.

3. அடிப்பகுதி: ஜன்னல் உட்காரும் கல் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் எந்தக் கம்பெனி ஜன்னலும் காப்பாற்றாது. மேலே சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டுவதற்கான பள்ளக் கோடு பூச்சில் அடைபட்டிருந்தால், அதையும் திறந்துவிடச் சொல்லுங்கள்.

4. திருகு: மூலையிலிருந்து 150 முதல் 200 மி.மீ. தள்ளித் தொடங்கி, 600 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் போட வேண்டும். கீழ்ப் பாதையில் ஓட்டை போட்டால், அதன் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் போகாதபடி அடைக்க வேண்டும். திருகை முடுக்கும் முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

5. அடைப்பு: நடுவில் அடிக்கும் ஃபோம் இடத்தை நிரப்பும், ஆனால் மழையைத் தடுக்காது. வெயில் பட்டால் உதிரும். வெளிப்புறம் வெயில் மழை தாங்கும் சிலிக்கான் தொடர்ச்சியாகப் போட வேண்டும், அதுவும் தூசி துடைத்த, காய்ந்த சுவரில். மூன்றாவது மாடியில் வெளிப்பக்கம் எட்டவில்லை என்று உள்பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

6. வடிகால் துளை: கீழ்ச் சட்டத்தின் வெளிப்புறத்தில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். பாதையில் சேரும் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். அழகுக்காக அதையும் சிலிக்கான் வைத்து மூடிவிடுகிறார்கள். மூடினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

7. கிரில்: குழந்தைகள் உள்ள வீட்டில் கிரில் அவசியம். ஒரு ஜன்னலிலாவது, உள்ளிருந்து பூட்டுத் திறந்து வெளியேறும்படி கிரில் இருக்கட்டும். தீ என்று வந்தால் அதுதான் வழி.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வெளிச்சுவர் தனி வீட்டுக்காரருடையது அல்ல, எல்லோருக்கும் பொது. அதில் போடும் ஓட்டை கீழ் வீட்டையும் பாதிக்கும். ஆகவே அடுத்த பொதுக்குழுவில் மூன்று விஷயங்களை முடிவு செய்யலாம் என்பது என் யோசனை. ஒன்று, ஜன்னல் மாற்றுபவர் முன்கூட்டியே சங்கத்துக்கும் கீழ் வீட்டுக்கும் தகவல் தர வேண்டும். இரண்டு, பொருத்தி முடிந்ததும் கீழ் வீட்டுக்காரர் முன்னிலையில் ஹோஸ் பைப் வைத்து, கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்துப் பார்க்க வேண்டும். அப்படி அடித்தால்தான் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். மூன்று, ஜன்னலுக்குத் தரும் உத்தரவாதத்தைத் தவிர, பொருத்தும் வேலைக்கும் தனியாக எழுத்தில் உத்தரவாதம் வாங்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கட்டட ஒப்பந்தங்களில் ஒரு பகுதித் தொகையைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைப்பது வழக்கம். வங்கியில் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாமும் பத்து சதவீதத்தை முதல் மழை முடியும்வரை நிறுத்திவைப்போம் என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொண்டால், பொருத்துபவரும் கூடுதல் கவனம் எடுப்பார். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து கேட்டால் இந்த நிபந்தனைக்கு எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

கறை பட்ட அந்தச் சுவரைப் பொறுத்தவரை, மேல் வீட்டுக்காரர் வெளிப்புற ஓரத்தை மறுபடி அடைத்துத் தருவதாகவும், சுவர் காய்ந்த பிறகு பெயின்ட் செலவை இருவரும் பகிர்ந்துகொள்வதாகவும் சம்மதித்திருக்கிறார்கள். அக்டோபரில் பருவமழை தொடங்கும். சாரம் கட்டுவதானால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாக, செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது. அதே சாரத்தைப் பயன்படுத்திக்கொள்ள விரும்பும் பக்கத்து வீட்டார், சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.