பதினைந்து கினி வண்டி

1968 ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து ஒரு புகைவண்டி புறப்பட்டு, மான்செஸ்டர் வழியாகக் கார்லைல் வரை சென்று திரும்பியது. பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான இருப்புப்பாதைகளில் நீராவி எஞ்சினைப் பூட்டி நடத்திய கடைசிப் பயணிகள் வண்டி அதுவே. கட்டணம் பதினைந்து கினி. அதாவது பதினைந்து பவுன் பதினைந்து ஷில்லிங். உழைப்பாளி ஒருவரின் வாரக்கூலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் தொகை அது. வண்டிக்கும் 'பதினைந்து கினி வண்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்த எஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களில் எத்தனை பேரால் அச்சீட்டை வாங்கியிருக்க முடியும்? அவர்களும் மற்றவர்களும் பாலங்களின் மீதும் வயலோரங்களிலும் நின்று வழியனுப்பினார்கள்.

மறுநாள் முதல் தடை. ரயில்வேயின் சொந்த எஞ்சின்கள் மட்டுமல்ல, தனியார் விலைக்கு வாங்கிப் பேணிவந்த நீராவி எஞ்சின்களும் பிரதான பாதைகளில் ஓடக் கூடாது என்றார்கள். ஒன்றே ஒன்றுக்கு விலக்கு இருந்தது. அதன் பெயர் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்'.

தடை விதித்தவர்களை இரக்கமற்றவர்கள் என்று தூற்றுவது எளிது. நான் அப்படி எண்ணவில்லை. நீராவி எஞ்சின் மனித உழைப்பை இரக்கமின்றிக் கேட்பது. விடியுமுன் பல மணி நேரம் நெருப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். கொதிகலனைக் கழுவ வேண்டும். போருக்குப் பின் இவ்வேலைக்கு இளைஞர் கிடைப்பது அரிதாயிற்று. 1955இல் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறத் திட்டமிட்டார்கள். ஆனால் மாறிய வேகம்தான் வியப்புக்குரியது. பிரிட்டிஷ் ரயில்வேக்கென்று கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சினான 'ஈவ்னிங் ஸ்டார்' 1960இல் ஸ்விண்டன் பணிமனையிலிருந்து வெளிவந்தது. 1965இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்! பல பத்தாண்டுகள் உழைக்க வல்ல இயந்திரத்துக்கு ஐந்தே ஆண்டுப் பணி.

விலக்குப் பெற்ற 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' கதைக்கு வருவோம். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, 1923இல் டான்காஸ்டரில் உருவானது அது. 1934இல் மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டியதாக முறைப்படி பதிவுபெற்ற முதல் நீராவி எஞ்சின். 1963இல் உடைத்துப்போட இருந்த அதனை ஆலன் பெக்லர் என்ற வணிகர் மூவாயிரம் பவுனுக்கு வாங்கினார். பிரதான பாதையில் அதனை ஓட்டும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். 1968இன் தடை அதனைத் தீண்டாமல் போனதற்குக் காரணம் அந்த முன்யோசனையே. ஆனால் தண்ணீர்? நீராவி வழக்கொழிய ஒழிய வழியோரத் தண்ணீர் வசதிகளும் மறைந்துகொண்டிருந்தன. ஆகவே 1966இல் இன்னொரு டெண்டரை வாங்கி, அதிலும் தண்ணீர் நிரப்பி எஞ்சினுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

1969இல் எஞ்சினைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கே கடன் மேலிட்டது. 1972இல் பெக்லர் திவாலானார். எஞ்சின் கலிபோர்னியாவில் சிக்கிக் கிடக்க, அவர் கப்பல் பயணிகளுக்குச் சொற்பொழிவாற்றி அதையே கட்டணமாக்கி ஊர் திரும்பினாராம். 1973இல் வில்லியம் மக்கால்பைன் அதனை மீட்டு, பனாமாக் கால்வாய் வழியாகத் தாயகம் சேர்த்தார். தன் செல்வம் முழுவதையும் ஓர் இரும்புக் குதிரைக்காக இழந்த பெக்லரைப் பித்தர் என்பாரும் உளர். அத்தகைய பித்தர் சிலர் இல்லையேல் இன்று சொல்லுவதற்கு ஒன்றுமிராது.

இதற்கிடையில் தடையும் தளர்ந்தது. 1971 அக்டோபரில் 'கிங் ஜார்ஜ் ஐந்து' என்னும் எஞ்சின் சோதனையாகப் பிரதான பாதையில் ஓடியது. அது வெற்றி பெறவே, அடுத்த ஆண்டு முதல் குறிப்பிட்ட சில பாதைகள் திறக்கப்பட்டன. வேல்ஸில் பாரி என்னும் துறைமுக ஊரில் டாய் வுட்ஹாம் என்ற பழைய இரும்பு வணிகர் 297 எஞ்சின்களை வாங்கிப்போட்டிருந்தார். பழைய சரக்குப் பெட்டிகளை உடைப்பது எளிதாக இருந்ததால் எஞ்சின்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். கடற்காற்றில் துருப்பிடித்து நின்ற அவற்றுள் 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக மீட்டுச் சென்றார்கள். பேரன்பால் பிழைத்தவை பாதி. வேலை தள்ளிப்போனதால் பிழைத்தவை பாதி என்றே சொல்லத் தோன்றுகிறது.

மீட்டால் போதுமா? ஓடும் எஞ்சின் தேயும். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனைக் கழற்றிப் பிரித்துச் செப்பனிட வேண்டும். குழாய்களை மாற்ற வேண்டும். யார்க் நகரத் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கும் 'மல்லார்ட்' 1938இல் மணிக்கு 126 மைல் வேகம் கண்டது. அது நிற்பதால் பழைய இரும்பு பழைய இரும்பாகவே இருக்கிறது. அதே அருங்காட்சியகம் 2004இல் 23 லட்சம் பவுனுக்கு வாங்கிய 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' ஓடுவதற்காகப் பத்தாண்டுகள் பணிமனையில் கிடந்து, 42 லட்சம் பவுனை விழுங்கி, 2016இல் வெளிவந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அது லண்டனிலிருந்து யார்க் சென்றபோது, மக்கள் தண்டவாளத்திலேயே இறங்கிவிட்டதால் இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இரும்பு மறைந்தால் வார்க்கலாம், கைப்பழக்கம் மறைந்தால்? 'டொர்னாடோ'வின் வரலாறு இதைத்தான் நமக்குக் காட்டுகிறது. ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை எஞ்சின்கள் 49, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆர்வலர்கள் 1990இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, நன்கொடை திரட்டி, ஐம்பதாவதைப் புதிதாகவே கட்டத் துணிந்தார்கள். வரைபடங்கள் கிடைத்தன, சக்கரங்கள் வார்க்கப்பட்டன. கொதிகலனுக்கோ ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையை நாட வேண்டியதாயிற்று. நீராவி எஞ்சினை உலகுக்கு ஈந்த நாட்டினர், அவ்வளவு பெரிய கொதிகலனுக்கு வேறொரு நாட்டின் வாயிலில் நின்றார்கள். கிழக்கு ஜெர்மனியில் நீராவி 1980களிலும் ஓடியதால், அங்கே கைப்பழக்கம் அறுபடாமல் இருந்தது. நம் பெரம்பூர் பணிமனையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1855இல் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சினை 2010இல் ஓடச்செய்தவர்கள் அப்பணிமனைத் தொழிலாளர்களே.

2008இல் 'டொர்னாடோ' ஓடியது. 2009 டிசம்பரில் கென்ட் பகுதியில் பனியால் மின்சார வண்டிகள் நின்றுபோனபோது, அவ்வழியே சென்ற அது தவித்து நின்ற பயணிகள் சிலரை ஏற்றிச் சென்று வீடு சேர்த்தது.

இன்று கவலை வேறு. வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023இல் மூடப்பட்டபின், எஞ்சின்களுக்கு ஏற்ற கரி தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. கரியின் புகை காற்றுக்குச் செய்வதை அறிந்த தலைமுறை, இந்த ஆசைக்கு எவ்வளவு இடம் தரும் என்பதும் கேள்வியே. கரி வண்டியின் சன்னலோரம் அமர்ந்து கண்ணில் தூள் விழுந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆயினும் எஞ்சின் கொட்டகைகளில் இரவோடிரவாக உலை மூட்டுபவர்களுள் பலர் 1968க்கு வெகுகாலம் பின்னர்ப் பிறந்தவர்கள். மண்வாரியை எந்தக் கோணத்தில் சாய்த்தால் கரி உலையின் கடைமூலையில் விழும் என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முதியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.